‘பெசெர்த்தும்’ என்று ஒரு சொல் இல்லை: ரெயில்ஸ் ரூட்டிங்கில் ஒருமை பன்மையோடு நான் பட்ட பாடு

வெப் செயலி எழுதும் கட்டமைப்பான ரூபி ஆன் ரெயில்ஸில் மலாய்ப் பெயர்களை வைத்து எழுதிய செயலி ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்றால், விலை பேசுவதற்கு முன்பே அதன் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோடு (நிரல்) எப்படி இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் கோலாலம்பூரில் தனியாளாக வெப் வேலை எடுத்துச் செய்கிறவன். சந்தேகம் என்றால் திரும்பிக் கேட்க பக்கத்து மேசையில் ஆள் கிடையாது. இந்தப் பெயர் விவகாரத்தைப் பற்றி யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் கொஞ்சம் பணமும் நிறையத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

செந்தூல் பக்கம் ஒரு டியூஷன் நிலையம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் திருக்குறள் மனனப் போட்டி, பேச்சுப் போட்டி என்று நடத்துவார்கள். பதிவு, கட்டணம், ரசீது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டு வர ஒரு பையனைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார்கள். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மீதியை முடித்துத் தர 4,500 ரிங்கிட் பேசினோம், பாதி முன்பணம். பள்ளிகளோடு போய் வரும் படிவங்கள் மலாயில் இருந்ததால் மாடல்களுக்கும் (டேபிளில் இருக்கும் தரவைக் கோடில் குறிக்கும் கிளாஸ்கள்) அந்தப் பையன் அதே பெயர்களை வைத்திருந்தான்: போட்டியாளருக்கு பெசெர்த்தா, வகுப்புக்கு கெலாஸ், அறிவிப்புக்கு பெங்குமுமான், கட்டணத்துக்கு யூரான். அலுவலகத்தில் புழங்கும் சொல்லும் கோடில் இருக்கும் சொல்லும் ஒன்றாக இருப்பது நல்ல பழக்கம்தான். முதல் பார்வையில் எனக்கும் பிடித்திருந்தது.

கோடைப் புரட்டும்போது ‘பெசெர்த்தும்’ என்ற சொல் அங்கங்கே கண்ணில் பட்டது. எடிட் செய்யும் இணைப்புகளில் ‘எடிட்_பெசெர்த்தும்_பாத்’ என்று இருக்கும். பாத் என்று முடிவது பக்கத்தின் முகவரியைத் தரும் மெத்தட். எனக்குத் தெரியாத ஏதோ மலாய் வடிவம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் படித்த மலாய் எவ்வளவு நாள் நினைவில் நிற்கும்? மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது ஒரு மலாய் நண்பரிடம் கேட்டால், அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். அப்படி ஒரு சொல்லே இல்லை என்றார். எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல் கோடு முழுக்க ஓடுகிறது, ஆனால் செயலி வேலை செய்கிறது. சரி, அந்தப் பையனின் எழுத்துப்பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

முதல் அடி புதுப் போட்டியாளரைச் சேர்க்கும் பக்கத்தில் விழுந்தது. ரெயில்ஸில் வழக்கமாக எழுதுவது போல படிவத்தை உருவாக்கும் ஃபார்ம்_வித் போட்டு, மாடலை மட்டும் கொடுத்தேன். பக்கம் திறந்ததுமே சிவப்புத் திரை: ‘பெசெர்த்தா_இண்டெக்ஸ்_பாத்’ என்று ஒரு மெத்தட் இல்லையாம். நான் அப்படி எதையும் எங்கும் எழுதவில்லை. வேடிக்கை என்னவென்றால் பட்டியல் பக்கம் திறக்கிறது. ஏற்கெனவே இருக்கும் போட்டியாளரை எடிட் செய்தால் அதே ஃபார்ம் அழகாகச் சேமிக்கிறது. புதிதாகச் சேர்க்கப் போனால் மட்டும் விழுகிறது. டேபிள் பழுதா, லாகின் அனுமதியா, பழைய ஜெம் (கூடுதலாகச் சேர்த்த நூலகம்) ஏதாவது மோதுகிறதா என்று சம்பந்தமில்லாத இடங்களில் எல்லாம் தோண்டினேன். அந்தப் பையன் எழுதிய பழைய ஃபார்ம்கள் ஒழுங்காக ஓடுவதும், நான் எழுதியது மட்டும் விழுவதும் மனதை ரொம்பவே உறுத்தியது. பிறகுதான் தெரிந்தது, அவன் எழுதிய ஒவ்வொரு ஃபார்மிலும் போகவேண்டிய முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தான். காரணம் தெரியாமலே வலியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

காரணம் இதுதான். எந்த முகவரி கோடின் எந்தப் பகுதிக்குப் போகும் என்று சொல்லும் ரூட்ஸ் ஃபைலில் ரிசோர்சஸ் என்று ஒரு வரி எழுதினால் பட்டியல், புதியது, உருவாக்கு, காட்டு, திருத்து, புதுப்பி, அழி என்று 7 வழிகளை ரெயில்ஸ் தானாகப் போட்டுக் கொடுக்கும். அந்த வழிகளுக்குப் பெயர் வேண்டும். பட்டியலுக்குப் பன்மைப் பெயர், தனி ஒன்றுக்கு ஒருமைப் பெயர். நாம் எழுதியதைப் பன்மை என்று எடுத்துக்கொண்டு, ஆங்கில இலக்கண விதிகளை ஓட்டி ஒருமையைக் கண்டுபிடிக்கும். அந்த விதிகளில் ஒன்று, கடைசி இரண்டு எழுத்து டி-ஏ என்றோ ஐ-ஏ என்றோ முடிந்தால் அது லத்தீன் பன்மை என்கிறது. டேட்டாவுக்கு ஒருமை டேட்டம், மீடியாவுக்கு மீடியம். ஆங்கில எழுத்தில் பெசெர்த்தா டி-ஏ என்றுதான் முடிகிறது. அதே கணக்கில் பெசெர்த்தாவுக்கு ஒருமை பெசெர்த்தும் ஆகிவிட்டது. பாவம் அந்தப் பையன், அவன் எழுத்துப்பிழை எதுவும் விடவில்லை.

இதுவரைக்கும் அசிங்கம் மட்டும்தான், ஆபத்து இல்லை. ஆபத்து எங்கே வருகிறது என்றால், ரெயில்ஸில் இந்தக் கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போடுகிறார்கள். ரூட்ஸ் ஃபைல் பன்மையிலிருந்து தொடங்கி ஒருமைக்குப் போகிறது. மாடல், தன் கிளாஸ் பெயரான ஒருமையிலிருந்து தொடங்கிப் பன்மைக்குப் போகிறது. மாடல் பக்கத்தில் பெசெர்த்தா ஒருமை. அதைப் பன்மையாக்கினாலும் பெசெர்த்தாதான், ஏனென்றால் டி-ஏ என்று முடிந்தால் அது ஏற்கெனவே பன்மை என்று இன்னொரு விதி இருக்கிறது. ஒருமையும் பன்மையும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகப் பட்டியலின் பெயரோடு ‘இண்டெக்ஸ்’ என்று ஒட்டிவிடும். ஆக, மாடல் தேடுவது பெசெர்த்தா_இண்டெக்ஸ்_பாத். ரூட்ஸ் வைத்திருப்பது பெசெர்த்தா_பாத். ஒரே வீட்டுக்கு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பெயர்ப்பலகை மாட்டின கதை. தனி ஒன்றின் பெயருக்கு மட்டும் மாடலும் அந்தப் பன்மையிலிருந்து ஒருமைக்குத் திரும்பி வருகிறது. அதுவும் பெசெர்த்தும்தான். இரண்டு தரப்பும் அந்த இல்லாத சொல்லில் ஒத்துப்போவதால்தான் எடிட் மட்டும் ஓடியது.

இந்த இடத்தில் பயன்படும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ‘ரெயில்ஸ் ரூட்ஸ்’ என்ற கட்டளை. ஒவ்வொரு வழியின் பெயர், முகவரி வடிவம், எந்தக் கன்ட்ரோலருக்கு (கோரிக்கையைக் கையாளும் கோடு) போகிறது என்பதை எல்லாம் வரிசையாகக் காட்டும். செயலி பெரிதாக இருந்தால் பின்னால் ‘ஜி’ என்ற விருப்பத்தைச் சேர்த்து ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் வரும் வரிகள் மட்டும் வரும். எந்தப் பெயர் இருக்கும் என்று மனக்கணக்குப் போடாதீர்கள், பார்த்துவிடுங்கள். இரண்டாவது, கோடை நேரடியாக அடித்துப் பார்க்கும் கன்சோலைத் திறந்து அந்தச் சொல்லைச் சிங்குலரைஸ் (ஒருமையாக்கு), ப்ளூரலைஸ் (பன்மையாக்கு) இரண்டிலும் கொடுத்துப் பார்ப்பது. மாடல் பக்கத்துக் கணக்கைத் தெரிந்துகொள்ள, கிளாஸின் மாடல்_நேமிடம் ரூட்_கீ, சிங்குலர்_ரூட்_கீ இரண்டையும் கேளுங்கள். ரூட்ஸ் சொல்வதும் இவை சொல்வதும் ஒத்துப்போகாத இடம்தான் உங்கள் பழுது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஐந்து நிமிட வேலை. தெரிவதற்கு முன்னால் நான் செலவழித்த நேரத்தைச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

இரண்டாவது அடிதான் பணத்தில் விழுந்தது. பெற்றோர் தங்கள் பிள்ளைக்குக் கட்டிய கட்டணத்தைப் பார்க்க ஒரு பக்கம் கேட்டார்கள். போட்டியாளருக்குள் கட்டணம் என்று, அதாவது ஒருவரின் முகவரிக்குக் கீழே அவருடைய கட்டணம் வரும்படி, ரூட்டை அடுக்கினேன். டேபிளில் நெடுவரிசையின் பெயர் பெசெர்த்தா_ஐடி, அதனால் முகவரியிலிருந்து எடுக்கும்போதும் பெசெர்த்தா_ஐடி என்றே எழுதினேன். ஆனால் அடுக்கிய ரூட்டில் அந்தப் பாராமீட்டரின் பெயர் ஒருமையிலிருந்து வருகிறது: பெசெர்த்தும்_ஐடி. நான் கேட்ட பெயரில் ஒன்றும் இல்லை என்பதால் ‘நில்’, அதாவது ஒன்றுமில்லாத மதிப்பு, வந்தது. டேபிளில் தேடும் ‘வேர்’ நிபந்தனைக்குள் நில் போனால் அது பிழை காட்டாது. போட்டியாளர் எண் காலியாக இருக்கும் கட்டணங்களைத் தேடும். அப்படி எதுவும் இல்லை. பக்கம் மிக மரியாதையாக, ‘கட்டணம் எதுவும் பதிவாகவில்லை’ என்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

பதிவு முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா போன் செய்தார். “தம்பி, காசு கட்டுன பேரண்ட்ஸ் எல்லாம் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. கட்டலைன்னு வருதாம். எனக்கு இங்க சரியாத்தானே தெரியுது?” அவர் பார்ப்பது நிர்வாகப் பக்கம், அது வேறு ரூட். அதற்குள் சில பெற்றோர் பயந்துபோய் வங்கி வழியாகப் பணம் அனுப்பும் டுயிட்நவ் கியூஆரில் மறுபடியும் பணம் அனுப்பிவிட்டார்கள். யார் இரண்டு தடவை கட்டினார்கள் என்று வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கணக்கு எண் வாங்கித் திருப்பி அனுப்பும் வேலை முழுக்க அந்த அக்கா தலையில் விழுந்தது. நானும் போய் உட்கார்ந்து பெயர் சரிபார்த்தேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெறும் பட்டியலை நம்பாதீர்கள் என்பது இந்தக் கட்டத்தில் எனக்குப் பதிந்தது. சிவப்புத் திரை வந்தால் அன்றே தெரிந்துவிடும். காலியான பட்டியல் சாதாரணப் பக்கம் மாதிரியே இருக்கும், அதிலும் சோதித்துப் பார்க்கும்போது நாம் புதிதாகச் சேர்த்த ஆளுக்கு உண்மையிலேயே கட்டணம் இருக்காது. இப்போது அடுக்கிய ரூட் எதுவானாலும் மேலே இருப்பதை முதலில் ‘ஃபைண்ட்’ கொண்டு எடுத்து, அதன் வழியாகத்தான் உள்ளே இருப்பதைக் கேட்கிறேன். பாராமீட்டர் பெயர் தவறினால் ஃபைண்ட் உடனே கத்திவிடும். கத்துகிற கோடு எவ்வளவோ மேல்.

அன்றிரவு மீதி மாடல்களை எல்லாம் கன்சோலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மலாய்ச் சொற்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. டி-ஏ, ஐ-ஏ என்று முடிவது முதல் வகை: பெரித்தா ‘பெரித்தும்’ ஆகிறது, பள்ளிகளில் பாடக்குழுவுக்குச் சொல்லும் பனித்தியா ‘பனித்தியும்’ ஆகிறது. எஸ் என்று முடிவது இரண்டாம் வகை. கடைசியில் எஸ் இருந்தால் அது பன்மைக் குறி என்று நினைத்து வெட்டிவிடும். கெலாஸ் ‘கெலா’ ஆகிவிடும், குர்சுஸ் ‘குர்சு’, மஜ்லிஸ் ‘மஜ்லி’, துகாஸ் ‘துகா’. கெலாஸும் பெசெர்த்தா போலவே புதிதாகச் சேர்க்கும்போது விழுகிறது. போதாக்குறைக்கு ஒன்றுக்குப் பல என்று உறவைச் சொல்ல ஹாஸ்_மெனி என்று எழுதினால் ‘கெலா’ என்ற கிளாஸைத் தேடிப்போய், இல்லை என்று நிற்கிறது. அந்த உறவின் மறு பக்கத்தைச் சொல்லும் பிலாங்ஸ்_டூ மட்டும் ஒன்றும் ஆகாது, அது ஒருமையாக்கும் வேலையைச் செய்வதில்லை. உறவின் ஒரு பக்கம் ஓடி மறு பக்கம் விழுந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாம் வகை சிரிப்பை வரவழைக்கும். ஆங்கிலத்தில் மேன் என்பதற்குப் பன்மை மென் அல்லவா, அந்த விதி சொல்லின் கடைசியை மட்டும்தான் பார்க்கிறது. எம்-ஏ-என் என்று முடியும் எந்தச் சொல்லும் மாட்டும். பெங்குமுமானின் டேபிள் பெயர் ‘பெங்குமுமென்’. ஹலாமான் ‘ஹலாமென்’. நாம் குடியிருக்கும் தாமான்கூட ‘தாமென்’ ஆகிவிடும். பார்க்க மூன்றிலும் இதுதான் கேவலமாக இருக்கிறது. ஆனால் இது எந்தத் தொல்லையும் தராது. பெங்குமுமானைப் பன்மையாக்கினால் பெங்குமுமென், அதைத் திரும்ப ஒருமையாக்கினால் மறுபடி பெங்குமுமான். போன வழியே திரும்பி வந்துவிடுகிறது. பெசெர்த்தாவும் கெலாஸும் திரும்பி வருவதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது: பெயர் ஆங்கிலத்தில் சரியா, அழகா என்பது கேள்வியே இல்லை. பன்மையாக்கி மறுபடி ஒருமையாக்கினால் கிளம்பிய சொல்லே வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இப்போது எல்லாத் திட்டங்களிலும் இதற்கென்று ஒரு குட்டி டெஸ்ட் வைத்திருக்கிறேன். எல்லா மாடல்களையும் ஏற்றி, ஒவ்வொன்றின் பெயரையும் போக வரச் சோதிக்கும். எழுத ஐந்தாறு வரிதான்.

ஆங்கிலப் பெயர்தான் வைத்திருக்கிறேன், எனக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். இங்கே எந்த அலுவலகச் செயலியை எடுத்தாலும் ஸ்டாஃப் என்று ஒரு மாடல் இருக்கும். ரெயில்ஸுக்கு அதன் பன்மை ‘ஸ்டாஃப்ஸ்’. ஆங்கில டீச்சர் காதில் விழுந்தால் அடிப்பார் என்று ரூட்ஸில் மட்டும் ஸ்டாஃப் என்று எழுதினீர்களானால், மாடல் ஸ்டாஃப்ஸ்_பாத்தைத் தேடும், ரூட்ஸிடம் ஸ்டாஃப்_இண்டெக்ஸ்_பாத்தான் இருக்கும். போனஸ் இன்னும் மோசம், ஒருமையாக்கினால் ‘போனு’ ஆகிவிடும். நியூஸ், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், சீரீஸ் போன்றவற்றை ரெயில்ஸுக்கு முன்பே தெரியும், ஒருமை பன்மை ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். பட்டியலுக்கு மட்டும் நியூஸ்_இண்டெக்ஸ்_பாத் என்று எழுத வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும். இந்த விதிகளை ரெயில்ஸ்காரர்களே திருத்திவிடுவார்கள் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. தவறான பன்மையை நம்பியே எத்தனையோ பழைய செயலிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவை உடைந்துவிடும் என்பதால் இந்தப் பகுதிக்குத் திருத்தங்களை ஏற்பதில்லை என்று மூலக் கோடிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றால் உங்கள் செயலிக்குள் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நியாயமான பதில்தான், அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சேர்க்கும் இடம் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இனிஷியலைசர்ஸ், அதற்குள் இன்ஃப்ளெக்ஷன்ஸ் என்ற ஃபைல். புதுச் செயலி உருவாக்கும்போதே எல்லா வரிகளும் கமென்ட்டாக அதில் இருக்கும், பெரும்பாலானவர்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி வடிவம் உண்டு என்றால் இர்ரெகுலர் என்று இரண்டையும் கொடுக்கலாம்; போனஸுக்கு அதுதான் வழி. மலாய்ச் சொல்லுக்கு அன்கவுண்டபிள்தான் பொருத்தம். ஒரு பெசெர்த்தாவானாலும் நூறு பெசெர்த்தாவானாலும் சொல் மாறாது. பலவற்றைக் காட்ட வேண்டுமென்றால் கெலாஸ்-கெலாஸ் என்று இரட்டிக்கலாம், ஆனால் நடுவில் ஹைஃபன் போட்ட பெயரை ரூபியில் கிளாஸாக வைக்க முடியாது. பெசெர்த்தாவையும் கெலாஸையும் அன்கவுண்டபிளில் சேர்த்துவிட்டுப் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. இந்த ஃபைல் சர்வர் கிளம்பும்போது ஒரு தடவைதான் படிக்கப்படும் என்பது உறைக்கவில்லை. சர்வரை நிறுத்திக் கிளப்ப வேண்டும், கன்சோலையும் மூடித் திறக்க வேண்டும். பழைய செயலி என்றால் செயலியை ஏற்றியபடியே வைத்திருக்கும் ஸ்பிரிங் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சரியான தீர்வையே தப்பு என்று நினைத்து அழித்துவிடுவீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் இந்த வரியைச் சேர்ப்பது தனி அறுவை வேலை, அவசரப்படக் கூடாது. அதுவரை பெசெர்த்தா_பாத் என்றால் பட்டியல். அன்கவுண்டபிள் ஆக்கிய நொடியிலிருந்து அதே பெயர் தனி ஒருவரைக் குறிக்கும், பட்டியலுக்கு பெசெர்த்தா_இண்டெக்ஸ்_பாத். பெயர் காணாமல் போயிருந்தால் பிழை வந்து காட்டிக்கொடுத்திருக்கும். இது அர்த்தம் மாறிய பெயர், சில இடங்களில் சத்தமே போடாது. ஒரு போட்டியாளரின் பக்கத்தில் இருந்த ‘பட்டியலுக்குத் திரும்பு’ இணைப்பு, அப்போது திறந்திருக்கும் முகவரியிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு, அதே போட்டியாளருக்கே திரும்பி வந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தால் அங்கேயேதான் நிற்கிறது. நான் கண்டுபிடித்த பாதுகாப்பான முறை: மாற்றுவதற்கு முன் ரெயில்ஸ் ரூட்ஸ் வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமியுங்கள். மாற்றிய பின் இன்னொன்று. இரண்டையும் டிஃப் போட்டுப் பாருங்கள். பெயர்களும் பாராமீட்டர்களும் மாறியிருக்கலாம், ஆனால் முகவரியின் சொற்கள் மாறியிருக்கக் கூடாது. போஸ்டரில் அச்சடித்த கியூஆர் எல்லாம் அந்த முகவரியைத்தான் நம்பியிருக்கிறது. பெயர் மாறிய ஒவ்வொரு வரிக்கும் கோடு முழுக்கத் தேடி மாற்றுங்கள், பெசெர்த்தும் என்ற சொல் ஒன்றுகூட மிச்சமில்லாமல்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். அன்கவுண்டபிளில் பெசெர்த்தாவைச் சேர்த்தால் காலோன்_பெசெர்த்தா போன்ற கூட்டுப்பெயருக்கு அது பொருந்தாது. அடிக்கோட்டால் ஒட்டியதை அது ஒரே சொல்லாகப் பார்க்கிறது, அதனால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அடுத்து, டேபிள் பெயர். பெசெர்த்தா, கெலாஸ் இரண்டுக்கும் டேபிள் பெயர் முன்பும் பின்பும் அதேதான், பயமில்லை. அழகாக இருக்கட்டும் என்று பெங்குமுமானையும் சேர்த்தேனோ, உடனே பெங்குமுமான் என்ற டேபிள் இல்லை என்று வந்தது, ஏனென்றால் உள்ளே இருப்பது பெங்குமுமென். டேபிளின் பெயரை மாற்ற மைக்ரேஷன் எழுதலாம், அல்லது மாடலில் பழைய பெயரைச் சொல்லிவிடலாம். நான் அந்த வரியையே எடுத்துவிட்டேன். ஒழுங்காக ஓடுவதை அழகுக்காகத் தொடுவானேன்?

முதலிலிருந்து எழுதுவதாக இருந்தால் இந்தப் பாதையிலேயே போக மாட்டேன். கோடுக்குள் ஆங்கிலப் பெயர், வெளியே தெரியும் முகவரியில் மலாய். ரிசோர்சஸ் வரியில் பார்டிசிபன்ட்ஸ் என்று எழுதி, பாத் என்ற விருப்பத்தில் பெசெர்த்தா என்று கொடுத்தால் போதும். முகவரியில் வரும் நியூ, எடிட் என்ற சொற்களையும் பாத்_நேம்ஸ் மூலம் பாரு, சுந்திங் என்று மாற்றிக்கொள்ளலாம். பயனர் பார்ப்பது முழுக்க மலாய், நாளைக்குத் தமிழிலும் வேண்டுமென்றால் இன்னொரு தொகுதி. கெலாஸை அப்படியே கிளாஸ் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், அது ரூபியின் சொந்தச் சொத்து. கோர்ஸ், குரூப் என்று வேறு ஏதாவது பார்க்க வேண்டும். பிஎச்பி மொழியின் கட்டமைப்பான லாராவெலிலும் ரூட் பாராமீட்டர் ஒருமையாக்கப்பட்டே வருகிறது, ஆனால் பாராமீட்டர்ஸ் என்று சொல்லி நாமே பெயர் கொடுக்கலாம், மாடலில் டேபிள் பெயரையும் எழுதிவிடலாம். பைத்தானின் ஜாங்கோ இந்த வம்புக்கே போவதில்லை, முகவரியை நாமே எழுத வேண்டும். அதன் அட்மின் பக்கம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எஸ் சேர்க்கும், அதையும் வெர்போஸ்_நேம்_ப்ளூரல் கொடுத்துத் தடுக்கலாம்.

கணக்கு முடிக்கும்போது இரட்டைக் கட்டணக் குழப்பத்துக்காக 500 ரிங்கிட் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, பேசிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய நஷ்டம், இது இழுத்துக்கொண்டே போனதில் பிரிக்பீல்ட்ஸில் பேசி வைத்திருந்த வேறொரு வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. இப்போது யாராவது பாதியில் நின்ற ரெயில்ஸ் வேலையைக் கொண்டு வந்தால், மூன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் விலை சொல்கிறேன்: மாடல்களின் பெயர்ப் பட்டியல், ரெயில்ஸ் ரூட்ஸ் வெளியீடு, இன்ஃப்ளெக்ஷன்ஸ் ஃபைல். அந்த ஃபைல் தொடப்படாமல் இருந்து, பெயர்கள் போக வரும் சோதனையில் விழுந்தால், பெயர் சீரமைப்பை விலைப்பட்டியலில் தனி வரியாகப் போட்டுவிடுகிறேன். எதற்கு இது என்று கேட்கிறவர்களுக்குக் கன்சோலைத் திறந்து, அவர்கள் சொல்லையே அடித்துக் காட்டுகிறேன். அதற்கு மேல் பேரம் பேசியவர் இதுவரை யாரும் இல்லை.